சின்ன வேலைதான்!

"சின்ன வேலைதான், அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்." காரைக்குடியில் எந்த இருசக்கர வாகனப் பட்டறையின் வாசலில் சற்று நேரம் நின்றாலும் இந்தச் சொற்களைக் கேட்கலாம். சில வேளை வண்டியைக் கொண்டு வந்தவர் சொல்வார். சில வேளை மெக்கானிக்கே சொல்வார். மாலையில் போய்ப் பார்த்தால் அந்த வண்டி பின்சக்கரம் இல்லாமல் அங்கேயே நின்றுகொண்டிருக்கும்.

கேட்பதற்கு இது வேடிக்கையாக இருக்கிறது. ஆனால் நின்று எண்ணிப் பார்த்தால், இந்தச் சிறு சொல்லுக்குள் சில பெரிய கேள்விகள் அடங்கியிருப்பது தெரியும். நாளை தருகிறேன் என்று சொல்லித் தராதவர் பொய்யரா? எண்ணியதைவிட நீண்டுபோன வேலையின் சுமையை யார் தாங்குவது நீதி? தன் கையால் செய்யாத ஒரு வேலையைச் சின்ன வேலை என்று சொல்லும் உரிமை யாருக்கு உண்டு?

இக்கேள்விகளை நாம் நூல்களிலிருந்து எடுக்கவில்லை. நமக்கு நேர்ந்த ஒரு தலைகுனிவிலிருந்துதான் எடுத்தோம்.

நம்மிடம் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று உண்டு. ஒரு சனிக்கிழமை காலை, பின்பக்கப் பிரேக் சரியாகப் பிடிக்காததால், வழக்கமாகச் செல்லும் பட்டறையில் அதை விட்டோம். மறுநாள் காலை தேவகோட்டையில் உறவினர் ஒருவரின் நினைவுத் திருப்பலி. பிரேக் ஷூ மாற்ற வேண்டும், அவ்வளவுதான். "மதியம் வந்து எடுத்துக்கங்க சார்" என்றார் மெக்கானிக். மதியம் சென்றோம், முடியவில்லை. மாலை சென்றோம், முடியவில்லை. இரவு எட்டு மணிக்குச் சென்றபோதும் சக்கரம் தரையில்தான் கிடந்தது. அவருடைய உதவிப் பையனும், அங்கிருந்த வேறு இரண்டு வாடிக்கையாளர்களும் கேட்கும்படி, "பொய் சொல்லியே பிழைக்கிறாய்" என்று சொல்லிவிட்டு வந்தோம். அவர் மறுமொழி சொல்லவில்லை. மறுநாள் பேருந்தில் தேவகோட்டை சென்று திருப்பலியில் பங்கேற்றோம், நற்கருணையும் பெற்றோம். அந்தச் சொல் நம் நெஞ்சை உறுத்தவில்லை என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். திங்களன்று வண்டியை எடுக்கச் சென்றபோது, முன்பு சொன்ன அதே கூலியைத்தான் அவர் வாங்கினார்.

சில மாதங்கள் கழித்து, செயின் தொய்ந்திருப்பதைப் பார்த்து, இதற்கு ஏன் பட்டறை, நாமே சரிசெய்துவிடலாம் என்று இறங்கினோம். இரு சக்கர வாகனத்தில் இதைவிட எளிய வேலை அதிகம் இல்லை. பின் அச்சின் நட்டைத் தளர்த்த வேண்டும். இருபுறமும் உள்ள சிறு போல்ட்டுகளைச் சம அளவில் திருகிச் சக்கரத்தைப் பின்னால் இழுக்க வேண்டும். மீண்டும் நட்டை இறுக்க வேண்டும். கால் மணி நேரம் போதும் என்று கணக்கிட்டோம். வலப்பக்கப் போல்ட் சுழன்றது. இடப்பக்கப் போல்ட் அசையவில்லை. ஸ்பேனரோடு ஒரு குழாயைச் சேர்த்து நீளமாக்கி, முழு பலத்தோடு அழுத்தினோம். 'டக்' என்று ஓர் ஓசை. போல்ட்டின் தலை கையோடு வந்துவிட்டது. உடல் உள்ளேயே தங்கிவிட்டது. கால் மணி நேர வேலை அந்த நொடியில் மூன்று நாள் வேலையாயிற்று.

துருவின் பாடம்

அந்தப் போல்ட் ஏன் அசையவில்லை? இதற்கு விடை சொல்ல நம் ஊரைவிடப் பொருத்தமான ஊர் அரிது. இரும்பு துருப்பிடிப்பதை ஆராய்வதைத் தன் முக்கியப் பணிகளுள் ஒன்றாகக் கொண்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், நாம் 'சிக்ரி' என்று சுருக்கமாக அழைப்பது, இங்கேதான் இருக்கிறது. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, 1948 ஜூலை 25 அன்று பண்டித நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். கடற்காற்றில் உலோகங்கள் எவ்வாறு அரிக்கப்படுகின்றன என்பதை ஆராய அதற்கு மண்டபத்தில் ஒரு நிலையமும் உண்டு. அருகிலுள்ள பாம்பனில் 1914இல் திறக்கப்பட்ட இரயில் பாலம் உப்புக் காற்றோடு நூறாண்டுகளுக்கும் மேல் போராடி, 2022 டிசம்பரில் போக்குவரத்தை நிறுத்திக்கொண்டது. 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்டது. அறிஞர்கள் வாழ்நாள் முழுவதும் ஆராயும் ஒரு பகைவனோடுதான் பட்டறைப் பையன் ஒரு ஸ்பேனரை மட்டும் வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுகிறான்.

அறிஞர்கள் சொல்வது இது: இரும்பு, நீரோடும் காற்றோடும் சேர்ந்து துருவாக மாறும்போது, தான் முன்பு அடைத்திருந்த இடத்தைப் போல இரண்டு முதல் ஆறு மடங்குவரை இடத்தை அடைத்துக்கொள்ளும். மரைகளுக்கு இடையே மயிரிழை அளவே இடைவெளி உண்டு. அங்கே துரு வீங்கினால், போல்ட்டும் அது புகுந்த துளையும் ஒன்றையொன்று நெரித்துக்கொள்கின்றன. வெளியே பார்த்தால் தலை பளபளப்பாக இருக்கலாம். உள்ளே என்ன நடந்திருக்கிறது என்பது திருகிப் பார்க்கும்வரை தெரியாது.

துரு மட்டுமன்று. 1955 முதல் சென்னையில் உருவாகத் தொடங்கிய பழைய புல்லட் வண்டிகளின் நட்டுகள் அங்குல அளவில் அமைந்தவை. 1985இல் வந்த ஹீரோ ஹோண்டா சிடி 100, யமஹா ஆர்எக்ஸ் 100 போன்றவை மில்லிமீட்டர் அளவில் அமைந்தவை. ஒன்றுக்கு உரிய ஸ்பேனர் மற்றொன்றில் ஏறக்குறையப் பொருந்தும்; அந்த 'ஏறக்குறைய'தான் நட்டின் மூலைகளை மழுக்கிவிடும். ஜப்பானிய வண்டிகளின் திருகுகளில் காணும் சிலுவை வடிவ வெட்டும் அப்படியே. அமெரிக்கரான ஹென்றி பிலிப்ஸ் 1936இல் காப்புரிமை பெற்ற வடிவத்துக்குரிய ஸ்க்ரூ டிரைவர் அதில் நுழையும். ஆனால் முழுமையாகப் பொருந்தாது. பலமாகத் திருகினால் மேலேறி வழுக்கி, தலையைச் சிதைத்துவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே; கைக்குத்தான் வேறுபாடு தெரியும்.

ஆகவே, வேலையின் நேரம் நாம் மாற்ற விரும்பும் பொருளில் மட்டும் இல்லை. அந்தப் பொருளைச் சென்றடையும் வழியில் இருக்கிறது. பிரேக் ஷூவை மாற்றுவது பத்து நிமிட வேலைதான். அதற்கு முன், பல ஆண்டுகளாக இறுகிப்போன அச்சைத் தட்டி வெளியே எடுக்க வேண்டும். எண்ணெய் இன்றிச் சிக்கிக்கொண்ட கேமை விடுவிக்க வேண்டும். அந்த முயற்சியில் ஸ்பிரிங் ஒடிந்தால் உதிரிபாகக் கடை திறக்கும்வரை காத்திருக்க வேண்டும். நமக்கு அந்தச் சனிக்கிழமை நடந்ததும் இதுவே என்று பின்னர் அறிந்தோம். நாம் பத்து நிமிடத்தை மட்டும் எண்ணினோம், வழியை எண்ணவில்லை.

பொய்யும் தவறிய கணிப்பும்

இவ்வாறு குறைத்துக் கணிப்பது மெக்கானிக்குகளின் தனிக் குணம் அன்று, மனித இயல்பு. டேனியல் கானமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி என்ற இரு உளவியல் அறிஞர்கள் 1979இல் இந்தத் திட்டமிடல் பிழைக்குப் பெயரிட்டார்கள். 1994இல் கனடாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் தங்கள் ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்த பட்டப்படிப்பு மாணவர்களிடம், எத்தனை நாட்களில் முடிப்பீர்கள் என்று கேட்டனர். சராசரியாக 34 நாட்கள் என்றனர். எல்லாமே தவறிப்போனால் எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டதற்கு 49 நாட்கள் என்றனர். உண்மையில் ஆனவை 55 நாட்களுக்கும் மேல்! தாங்கள் அஞ்சிய மிக மோசமான நிலையையும் தாண்டி நாட்கள் ஓடிவிட்டன. முன்பு நமக்கு நேர்ந்த தடைகளை நாம் நினைப்பதில்லை. இம்முறை எல்லாம் நேராகச் செல்லும் என்று ஒரு கதையை மனத்தில் கட்டி, அதையே கணக்கு என்று நம்பிவிடுகிறோம்.

அப்படியானால் நம் மெக்கானிக் பொய்யரா? புனித தோமா அக்குவினா தம் இறையியல் தொகுப்பில் இதைத் தெளிவாக ஆராய்கிறார். பொய்மையின் உயிர், மனத்தில் உள்ளதற்கு மாறாகப் பேச விரும்புவதில் இருக்கிறது என்பது அவர் கருத்து. உண்மை என்று நம்பித் தவறாகச் சொல்பவர் அந்தப் பொருளில் பொய்யர் ஆகார். வாக்குறுதியைப் பற்றியும் அவர் பேசுகிறார்: நிறைவேற்றும் எண்ணத்தோடு வாக்களித்தவர் பொய் சொல்லவில்லை, பின்பு நிறைவேற்றாவிட்டால் அது நம்பகத் தன்மைக்கு வந்த குறை, ஆனால் சூழ்நிலையே மாறிவிட்டால் அக்குறையும் மன்னிக்கத் தக்கது. கேம் சிக்கிக்கொண்டதும் ஸ்பிரிங் ஒடிந்ததும் மாறிய சூழ்நிலை அல்லாமல் வேறென்ன? பதின்மூன்றாம் நூற்றாண்டுத் துறவி, பட்டறை வாசலில் நின்ற நம்மைவிடப் பெருந்தன்மையோடு தீர்ப்பிட்டிருக்கிறார்.

ஆனால் எல்லாத் தாமதமும் இந்த வகையைச் சேர்ந்ததன்று. நாளை முடியாது என்று நன்கு தெரிந்தும், வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போய்விடுவாரே என்று அஞ்சி, "நாளைக்கு" என்று சொல்வதும் உண்டு. அது பொய்தான்; அதை வேறு பெயரிட்டு அழைக்க முடியாது. எனினும் அந்தப் பொய்யில் நமக்கும் பங்கு இருக்கிறது. "மூன்று நாள் ஆகும்" என்று உண்மையைச் சொல்பவரிடமிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறோம். "மாலையில் தருகிறேன்" என்று முகத்துக்கு இனிமையாகச் சொல்பவரிடம் விட்டுச் செல்கிறோம். மாலையில் வந்து, பொய் சொல்கிறான் என்று அவரைத் திட்டுகிறோம். நாம் விரும்பிய பதிலை நாமே விலை கொடுத்து வாங்கிவிட்டு, அது உண்மையாக இல்லையே என்று வருந்துவது எந்த வகை நேர்மை?

தொழில் செய்பவர்களுக்கும் கடமை உண்டு. சூழ்நிலை மாறியதும் அதை உடனே தெரிவிப்பது அக்கடமை. கைப்பேசி இல்லாத பட்டறை இன்று இல்லை. இந்தப் போல்ட் முறிந்துவிட்டது, இன்று முடியாது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், காத்திருப்பவர் தம் பயணத்தை மாற்றி அமைத்துக்கொள்வார். வேலை தவறியதற்காக அன்று, அதை மறைத்ததற்காகவே பல வேளைகளில் நம்பிக்கை முறிகிறது. ஆனால் உண்மை சொன்னால் திட்டு விழும் என்று தெரிந்த ஒருவர் எப்படித் துணிந்து அழைப்பார்? அந்தத் துணிவை அவருக்குக் கொடுப்பது நம் நாவின் பொறுப்பு.

நீண்ட நேரத்தின் விலை

இனி நீதியைப் பற்றிய கேள்வி. பட்டறைகளில் பெரும்பாலும் கூலி நேரத்துக்கு அன்று, வேலைக்குத்தான். பிரேக் ஷூ மாற்ற இவ்வளவு என்று பேசிவிட்டால், அரை மணி நேரமானாலும் அரை நாளானாலும் அதே தொகை. எண்ணியதற்கு மேல் நீண்ட ஒவ்வொரு மணி நேரமும் அந்தத் தொழிலாளியின் பையிலிருந்து போகிறது. அந்த நேரத்தில் அவர் செய்திருக்கக்கூடிய வேறு வேலை போகிறது. அவர் வீட்டுப் பிள்ளைகள் உறங்குமுன் அவரைக் காணும் நேரமும் போகிறது.

மத்தேயு நற்செய்தியில் வரும் திராட்சைத் தோட்ட உவமையை நாம் அறிவோம். மாலையில் வந்து ஒரு மணி நேரமே உழைத்தவருக்கும் தோட்ட உரிமையாளர் ஒரு நாள் கூலியை முழுமையாகக் கொடுத்தார். நாம் இதைத் தலைகீழாக நடத்துகிறோம். நாள் முழுவதும் உழைத்தவருக்கு ஒரு மணி நேரக் கூலியைக் கொடுத்து, பேசியதும் இதுதானே என்கிறோம். பேசியபோது அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. இருவரின் அறியாமைக்கும் ஒருவர் மட்டுமே விலை கொடுப்பது ஒப்பந்தப்படி சரியாக இருக்கலாம். நற்செய்தியின்படி சரியா என்பதை நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். உழைப்பின் மதிப்பை முதலில் அளக்க வேண்டியது செய்யப்பட்ட பொருளைக் கொண்டு அன்று, அதைச் செய்பவர் ஒரு மனிதர் என்பதைக் கொண்டே என்று புனித இரண்டாம் யோவான் பவுல், 1981 செப்டம்பரில் வெளியிட்ட 'லபோரெம் எக்ஸெர்சென்ஸ்' என்னும் சுற்றுமடலில் கற்பித்தார். சின்ன வேலை என்ற நம் சொல் பொருளை மட்டுமே பார்க்கிறது. கீழே குந்தியிருக்கும் மனிதரைப் பார்ப்பதில்லை.

பக்கத்து ஆத்தங்குடியில் பூக்கல் செய்வதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். கண்ணாடித் தகட்டின்மேல் அச்சு வைத்து, வண்ணக் கலவையை ஊற்றி, மணலும் சிமென்ட்டும் இட்டு அழுத்தி, பின் நாட்கணக்கில் நீரில் ஊறவைக்கிறார்கள். அதை இன்று மாலையே கொடுங்கள் என்று யாரும் கேட்பதில்லை. கல் நீரில் ஊறிக்கொண்டிருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. போல்ட்டும் ஊறத்தான் வேண்டும். துருப்பிடித்த மரையில் மண்ணெண்ணெயோ அதற்கென்றே உள்ள எண்ணெயோ விட்டு, இரவெல்லாம் காத்திருந்து, காலையில் மெல்லத் தட்டி, சிறிது முன்னும் சிறிது பின்னுமாகத் திருக வேண்டும். இதை அறிந்தவர் நேரத்தைச் செலவழித்துப் போல்ட்டைக் காப்பாற்றுகிறார். அறியாதவர் நேரத்தைச் சேமிக்க முயன்று இரண்டையும் இழக்கிறார். கண்ணுக்குத் தெரியாத அந்தக் காத்திருப்பையே நாம் சோம்பல் என்று பெயரிட்டு அழைத்தோம்.

இறைவனின் பட்டறையில்

கோபுரம் கட்ட விரும்புகிறவர் முதலில் அமர்ந்து செலவைக் கணக்கிட மாட்டாரா என்று ஆண்டவர் கேட்டதை லூக்கா எழுதியிருக்கிறார். ஆகவே கணக்கிடுவது கிறிஸ்தவ ஞானமே. ஆனால் அதே லூக்கா, அதற்கு முந்திய அதிகாரத்தில், கணக்குத் தவறிப்போன ஒரு மரத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறார். மூன்று ஆண்டுகளாகக் கனி கொடாத அத்திமரத்தை வெட்டிவிடச் சொல்கிறார் உரிமையாளர். தோட்டக்காரரோ இன்னும் ஓராண்டு கேட்கிறார். வெறுமனே காத்திருப்பதாகச் சொல்லவில்லை. சுற்றிலும் கொத்தி எரு இடுவதாகச் சொல்லியே கேட்கிறார். கணக்கிட்ட காலம் கடந்துவிட்டது என்பதற்காக மரத்தைக் கைவிடாமல், கூடுதல் காலத்தைத் தம் உழைப்பால் நிரப்ப முன்வருகிறார்.

நம் குடும்பங்களில் துருவேறிய உறவுகள் எத்தனை! பாகப் பிரிவினையில் பேச்சை நிறுத்திய அண்ணன் தம்பியைப் பார்த்து, "ஒரு வார்த்தை பேசினால் முடிந்துவிடும், சின்ன விஷயம்தானே" என்று வெளியே நிற்பவர்கள் சொல்கிறார்கள். அந்த ஒரு வார்த்தைக்குப் போகும் வழியில் எத்தனை ஆண்டுகளின் வீக்கம் இருக்கிறது என்பது உள்ளே இருப்பவர்களுக்குத்தான் தெரியும். வலுக்கட்டாயமாக இருவரையும் ஒரு பந்தியில் உட்காரவைத்து, இருந்த சிறு பிணைப்பையும் முறித்த நல்ல உள்ளங்களை நாம் கண்டதுண்டு. அங்கேயும் முதலில் வேண்டியது எண்ணெயும் இரவுகளும்தான். ஒப்புரவு அருளடையாளத்தில் ஒரே குற்றத்தை நாம் எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்! இதை விட்டுவிடுவது எளிது என்று ஒவ்வொரு முறையும் எண்ணினோம். இறைவன் நம்மைப் பார்த்து, சொன்ன நாளில் முடியவில்லையே என்று ஒருமுறையும் கடிந்துகொள்ளவில்லை.

முறிந்த போல்ட்டோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு, நாம் திட்டிய அதே பட்டறைக்குத்தான் சென்றோம். வேறு கடைக்குச் செல்ல வழி இருந்தது, மனச்சான்று விடவில்லை. மெக்கானிக் குனிந்து பார்த்தார். குழாய் வைத்து அழுத்திய தடம் அவர் கண்ணுக்குத் தப்பியிருக்காது. அவர் சிரிக்கவில்லை. எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்க வாயெடுத்து, அடக்கிக்கொண்டோம். "அன்றைக்கு நான் பேசியது தவறு, தம்பி" என்றோம். பழைய துணியில் கையைத் துடைத்தபடியே, "அதை விடுங்க சார். ஊறட்டும், கழற்றிப் பார்த்துத்தான் சொல்ல முடியும்" என்றார்.

அந்தப் பட்டறையில் நாம் கேட்டவற்றுள் மிகவும் உண்மையான கணிப்பு அதுதான். மூன்றாம் நாள் வண்டி கிடைத்தது. உள்ளே தங்கியதைத் துளையிட்டு எடுத்து, லேத் பட்டறைக்குக் கொண்டு சென்று புது மரை வெட்டியிருந்தார். இம்முறை அவர் கேட்ட தொகையோடு, அந்தச் சனிக்கிழமை இரவுக்கு உரியதையும் சேர்த்துக் கொடுத்தோம். எதற்கு என்று அவர் கேட்டார். சொன்னோம். சற்றுத் தயங்கி வாங்கிக்கொண்டார்.